ஈயக்குண்டு அச்சுக்கு ஒரு கைபிடி

1

ஊரிலிருந்து வருகிற கடிதங்களில் சுகம் விசாரித்து முடிந்த அடுத்த வரி, அங்கே என்ன வேலை என்பதுதான். கிட்டத்தட்ட மூன்று வருடமாக நான் ‘மரவேலை’ என்று பதில் எழுதி வருகிறேன். அது பொய்யில்லை. போன கிழமை, நாங்கள் மொன்றியலுக்கு வந்து மூன்று வருடம் முடிந்த அன்று, என் மைத்துனரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இவ்வளவு காலம் மரவேலையில் இருக்கிறபடியால் தன் மகளின் கலியாணத்துக்கு ஒரு அலுமாரி செய்து கப்பலில் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். உயரம், அகலம், தட்டு எத்தனை என்று எல்லாம் குறித்திருந்தார். கண்ணாடியை மட்டும் அங்கேயே போட்டுக்கொள்வாராம்.

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. கடிதத்தில் சொல்ல முடியாது. திருகோணமலைக்குப் போகிற கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். பார்த்த பிறகு சிலவேளை விலாசத்தையும் தேடிப் போகிறார்கள். இந்தச் சஞ்சிகை ஊருக்குக் கையில்தான் போகிறது என்று ஆசிரியர் சொன்னார். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

இந்த நாட்டு வேட்டைக்காரரில் சிலர் துவக்குக்குப் போடும் சன்னத்தைக் கடையில் வாங்குவதில்லை. வீட்டிலேயே ஈயம் உருக்கி வார்த்துக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு இரும்பு அச்சு இருக்கிறது. அந்த அச்சைப் பிடிக்க, கையை நோகடிக்காத மரக் கைபிடி எது என்று தெரிவு செய்வது என் வேலை.

2

நாங்கள் இருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடியில். பட்டறை செயின்ட்-மிஷேலில், ஒரு வீட்டின் பின்பக்கத்துக் கராஜ். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். முதலாளி லூசியன், அறுபது தாண்டியவர். அரம், உளி, சுத்தியல் என்று எதற்கும் கைபிடி கடைந்து விற்கிறவர். அவரும் நானும் மட்டும்தான் அங்கே. வேலை அனுமதிப் பத்திரம் கிடைத்த கிழமையே மினுக்குத்தாளால் மரம் தேய்க்கிற வேலைக்கு என்னை எடுத்தார். அந்தோனிப்பிள்ளை என்று சொல்ல இரண்டு நாள் முயன்றார். மூன்றாம் நாள் ‘அந்துவான்’ என்று கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

முதல் குளிர்காலத்தில் அவர் ஒரு புதுக் கைபிடி செய்து தபாலில் விற்கத் தொடங்கினார். சன்ன அச்சுக்கானது. நடுவில் ஒடுங்கி, வார்னிஷ் பூசி, பார்க்க மிகவும் வடிவாக இருந்தது. விற்றதில் பாதி தபாலில் திரும்பி வந்தது. கூடவே கடிதங்களும் வந்தன. லூசியன் கடிதங்களை வாசித்து மடித்து ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போடுவார்.

ஒரு மதியம் அச்சில் பூட்டிய ஒரு சோடிக் கைபிடியை என்னிடம் தந்து, “பொன்?” என்றார். நல்லதா என்று அர்த்தம். இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தேன்.

“நோன்,” என்றேன், இல்லை என்று.

அவரிடம் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதத்தில் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தரம். ஏன் என்று கேட்டார். விளங்கப்படுத்த என்னிடம் பிரெஞ்சு இல்லை. அவருடைய தடித்த தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு, அச்சைத் திறந்து மூடித் திறந்து மூடி அரை மணித்தியாலம் அவர் முன்னால் நின்றேன். அவர் சூப் குடித்து முடித்தார். பிறகு கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினேன். பெருவிரலின் அடியிலும் சின்னவிரலின் கீழும் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. லூசியன் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

விஷயம் இவ்வளவுதான். அச்சு ஒரு குறடு மாதிரி. மூடவேண்டும், வார்க்கவேண்டும், தட்டவேண்டும், திறக்கவேண்டும். ஈயத்துக்கு முன்னால் உட்கார்ந்த ஆள் இதை நூற்றைம்பது தரம் செய்வான். முதல் நிமிடத்தில் எல்லாக் கைபிடியும் நல்ல கைபிடிதான். நோவு தொடங்குவது நாற்பதாவது தரத்தில். அதோடு, இவர்கள் வார்ப்பது வேட்டையில்லாத குளிர்காலத்தில், ஈயப் புகை போவதற்குக் கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. அதனால் கையுறை கட்டாயம். ஒடுங்கின கைபிடி வெறுங்கைக்குப் பொருந்தும், கையுறைக்குள் உருளும். வார்னிஷ் சூட்டில் இளகித் தோலில் ஒட்டும்.

இதையெல்லாம் ஒரு மாதமாகக் கையாலும் காலாலும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு விரல் நீளம் கூட்டி, உருளாமல் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கி, வார்னிஷை விட்டுவிட்டு எண்ணெய் மட்டும் பூசினோம். அதன் பிறகு அனுப்பியவற்றில் மூன்றுதான் திரும்பின. லூசியன் எனக்கு ஒரு முக்காலி தந்தார். அரைநாள் மினுக்குத்தாள், அரைநாள் முக்காலியில் இருந்து திறந்து மூடுவது.

3

ஈயம் எனக்குப் புதிதில்லை என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருகோணமலையில் எனக்குச் சொந்த வலை இருந்தது. வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற ஈயத்தை நானே வீட்டில் வார்ப்பேன். அதை ஈயக்குண்டு என்போம். துவக்கில் போடுவது சன்னம். இரண்டையும் யாரும் மாறிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கடலுக்குப் போகவேண்டாம் என்று தடை போட்டிருந்த நாட்களில் ஒரு காலை, ஆமிக்காரர் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார்கள். எங்கள் குசினியில் ஈயம் உருக்கிய சட்டி இருந்தது, அச்சு இருந்தது, ஒரு சாக்கில் குண்டுகள் இருந்தன. என்னையும் சாக்கையும் கொண்டு போனார்கள். பதினொரு நாள் வைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் தெற்குக் கரையைச் சேர்ந்த ஒருவர் வேலைக்கு வந்தார். அவருடைய தகப்பனும் மீன்பிடிகாரர் போல. சாக்குக்குள் கையை விட்டு ஒரு குண்டை எடுத்துப் பார்த்து, இதில் ஓட்டை இருக்கிறதே என்று மற்றவர்களிடம் கேட்டார். சன்னத்துக்கு ஓட்டை இருக்காது. அன்று பின்னேரம் என்னை விட்டார்கள். சாக்கைத் தரவில்லை.

4

இங்கே அகதிக்கு விண்ணப்பித்தால் ஓர் அதிகாரி சத்தியம் வாங்கிக்கொண்டு விசாரிப்பார். சொல்வதெல்லாம் ஒலிநாடாவில் பதிவாகும். பிறகு அதைத் தட்டச்சில் அடித்து ஒட்டாவாவுக்கு அனுப்புவார்கள். முடிவு எடுப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் எங்களைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்ப்பார்கள்.

என் விசாரணை பிரெஞ்சில் நடந்தது. மொழிபெயர்க்க வந்தவர் பாண்டிச்சேரிக்காரர், கழுத்துப்பட்டி கட்டிய வயதான மனிதர். நல்லவர். எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார்.

“என்ன தொழில் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“மீன்பிடி. வீட்டில ஈயக்குண்டு வார்க்கிறனான்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஈயக்குண்டா?”

“ஓம்.”

“எவ்வளவு?”

“ஒரு நாளைக்கு இருநூறு வரும்.”

அவர் மொழிபெயர்த்தார். அதிகாரி எழுதினார். பிடித்துக்கொண்டு போனபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். “அவையளோட நல்லமாதிரிக் கதைச்சன்,” என்றேன். எப்படி வெளியே வந்தீர்கள் என்று கேட்டார்கள். “அதில ஓட்டை இருந்தது. அதாலதான் வெளியில வந்தன்,” என்றேன்.

எல்லாம் சரி என்று மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தேன். வெளியே ஒழுங்கையில் மொழிபெயர்ப்பாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ரொம்பத் தைரியமான ஆளு சார் நீங்க,” என்றார்.

பதினொரு நாளைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன்.

5

இரண்டு மாதத்தில் தட்டச்சுப் பிரதி வந்தது. எங்கள் வீட்டுக்கு வருகிற கடிதங்களை வாசிப்பது மகள் ஜெசிந்தா. வரும்போது அவளுக்கு எட்டு வயது, அப்போது பத்து. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ஜசேந்த். மின்சாரக்காரர், வீட்டுக்காரர், ஆசிரியை எல்லாரும் எங்களோடு அவள் வாயால்தான் பேசுவார்கள். வழக்கமாக ஒரு வரி வாசித்து ஒரு வரி சொல்வாள். அன்று சொல்லவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

“என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டேன்.

“அப்பா பால் செய்தவராம்.”

என் மனைவி றெஜினா அடுப்படியிலிருந்து திரும்பினாள். “என்ன பால்?”

பிரெஞ்சில் சன்னத்துக்குப் பெயர் அது. ஜெசிந்தாவுக்குத் தமிழ்ச் சொல் தெரியவில்லை. விரலைத் துவக்குப் போல நீட்டிக் காட்டினாள்.

“ஒரு நாளைக்கு இருநூறாம். சோல்ஜர்மாருக்குப் பொய் சொன்னவராம். பேந்து ஓட்டைக்குள்ளால ஓடி வந்தவராம்.”

எங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. பாண்டிச்சேரியில் கதைப்பது என்றால் கதை விடுவது என்று எனக்கு அன்றுதான் தெரியும். பிரெஞ்சிலும் கதை சொன்னான் என்றால் பொய் சொன்னான் என்றுதானாம். மூன்று பிழையும் சேர்ந்து ஒரு முழுக் கதையாக இருந்தது. உண்மையில் நடந்ததைவிட அது நம்பக்கூடியதாகவும் இருந்தது.

“அது பிழை, பிள்ளை,” என்றேன்.

“நீங்கள் சைன் வைச்சிருக்கிறீங்கள்.” கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். வைத்துத்தான் இருந்தேன்.

“அப்பா பிடிபடேல்ல, மன்னாருக்கு வலை வாங்கப் போனவர் எண்டு அம்மா அப்ப சொன்னவா. அதுவும் பொய்தானே?”

றெஜினா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நேரம் எட்டு வயதுப் பிள்ளைக்கு வேறு என்ன சொல்வது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லவும் எங்களிடம் ஒன்றும் தயாராக இருக்கவில்லை.

அதோடு, செயின்ட்-மிஷேலில் நான் என்ன அச்சுக்குக் கைபிடி தெரிவு செய்கிறேன் என்பதும் அவளுக்குத் தெரியும். அங்கேயும் அதுதான், இங்கேயும் அதுதான் என்று அவள் முடிவு கட்டியது அவள் பிழையில்லை. அதற்குப் பிறகு என்னோடு ஓம் என்பதற்கு ‘உய்’, இல்லை என்பதற்கு ‘நோன்’ என்ற இரண்டு சொல்லில் மட்டும் பேசினாள். என் பிரெஞ்சுக்கு அது போதும் என்று நினைத்திருக்கலாம்.

6

வழக்கறிஞர் ஓர் இளம் பெண். அரசாங்க உதவியில் கிடைத்தவர். அவரிடம் போனபோதும் ஜெசிந்தாதான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. வலை, கயிறு, குண்டு, ஓட்டை எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் விளங்கப்படுத்தினேன். அவள் ஏழெட்டுச் சொல்லில் முடித்தாள். வழக்கறிஞர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அப்பிடி ஒண்டைக் கொண்டுவந்து காட்ட ஏலுமோ எண்டு கேக்கிறா,” என்றாள் ஜெசிந்தா சுவரைப் பார்த்தபடி. இரண்டாம் விசாரணை ஒன்று கேட்டு எழுதுவாராம். ஆனால் கையில் ஏதாவது இருந்தால் நல்லதாம்.

மொன்றியலில் எங்கள் ஊர் ஈயக்குண்டு எங்கே கிடைக்கும். லூசியனிடம் சொல்லி, இரண்டு மேப்பிள் கட்டையை எடுத்து உள்ளே குடைந்து ஒரு அச்சுச் செய்தேன். மர அச்சு நாலைந்து வார்ப்புக்குத் தாங்கும், பிறகு கருகிப்போகும். நாலைந்து போதும். சனிக்கிழமை வேலைக்குப் போகும்போது றெஜினா ஜெசிந்தாவுக்குக் குளிர்ச் சப்பாத்தைப் போட்டு என்னோடு அனுப்பிவிட்டாள். அவளிடம் கேட்கவில்லை. இரண்டு பஸ்ஸிலும் அவள் வேறு இருக்கையில் இருந்து வந்தாள்.

அச்சுக்குக் கைபிடி பூட்டவேண்டும். லூசியன் கைபிடிகள் அடுக்கியிருந்த தட்டைக் காட்டி ஏதோ சொன்னார்.

“விரும்பினதை எடுக்கட்டாம்,” என்றாள் ஜெசிந்தா.

அதில் நல்ல சோடிகள் இருந்தன. வரிவரியாக ரேகை ஓடின மேப்பிள் சோடி ஒன்று இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். மர அச்சுக்கு முன்பாரம் கூட. அதைத் தாங்கப் பின்னுக்கு நீளம் வேண்டும். கடைசியில் கழிவுப் பெட்டியிலிருந்து ஒரு நீளச் சோடியை எடுத்தேன். ஒன்று வெளிர், ஒன்று கறுப்பு. நிறம் சேராததால் விற்க முடியாமல் கிடந்தவை.

“ஏன் வடிவானதை எடுக்கேல்ல?”

மொழிபெயர்த்ததை விட்டால், மூன்று கிழமைக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

“அது பாக்கத்தான் வடிவு. நாப்பதாவது தரம் கை நோகும்.”

“நீங்கள் நாலுதானே செய்யப்போறீங்கள்.”

நீளச் சோடியையே பூட்டினேன்.

கதவைத் திறந்து வைத்து, அவளை வாசலோடு நிறுத்திவிட்டு வார்த்தேன். முதலாவது பாதியாக வந்தது. இரண்டாவது சரி. ஆறவிட்டு, நடுவில் வைத்த ஆணியை இழுத்து எடுத்து, அவள் கையுறையில் வைத்தேன். பாரத்தில் அவள் கை கீழே இறங்கியது. புரட்டிப் பார்த்தாள். பிறகு கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், ஓட்டைக்குள்ளால் லூசியனைப் பார்த்தாள்.

“இந்த ஓட்டையாலயோ வெளியில வந்தனீங்கள்?”

“ஓம்.”

அவள் லூசியனிடம் பிரெஞ்சில் வேகமாக ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள், கையையும் ஆட்டினாள். லூசியன் தலையாட்டிக் கேட்டார், பிறகு குண்டை வாங்கி அவரும் அதற்குள்ளால் பார்த்தார். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

7

இரண்டாம் விசாரணைக்கும் அதே அதிகாரி, அதே மொழிபெயர்ப்பாளர். தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லையாம். வழக்கறிஞர் குண்டை மேசையில் வைத்தார். பாண்டிச்சேரிக்காரர் அதை எடுத்துக் கையில் உருட்டினார். முகம் மாறிவிட்டது. அதிகாரியிடம் சிறிது நேரம் பேசினார். பிழை தன்னுடையது, அதை அப்படியே பதியவேண்டும் என்று சொன்னாராம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மன்னிச்சுக்கணும் சார். நான் பாண்டிச்சேரிதான். ஆனா எங்க வீட்டுல யாரும் கடல் பக்கம் போனதில்ல. அந்தக் கதைக்கிறதுன்னீங்களே, அதுவும் பேசறதுதானா?”

“ஓம். பேசுறது.”

சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து அதில் எழுதிக்கொண்டார்.

எல்லாம் நேராகிக்கொண்டு வந்தது. அதிகாரி பேனையை மூடப்போனார். மூடாமல், நடைமுறைக்காக ஒரு கேள்வி கேட்டார்.

“இப்ப இங்க என்ன வேலை பண்றீங்கன்னு கேக்கறாரு.”

வழக்கறிஞர் கூரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். நான் வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தேன். மரவேலை என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யில்லை. ஆனால் இந்த மேசையில் ஒரு சொல் குறைந்தாலும் கூடினாலும் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டேன்.

“குண்டு வார்க்கிற அச்சுக்குக் கைபிடி தெரிவு செய்யிறன்.”

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் குனிந்தார். “இது எந்தக் குண்டு?”

“இது துவக்குக் குண்டுதான்.”

“நிச்சயமா?”

“ஓம்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மொழிபெயர்த்தார். அதிகாரி வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர், அது அனுமதியுள்ள பட்டறை, வாங்குவது வேட்டைக்காரர் என்றார். அதிகாரி மறுபடி என்னைப் பார்த்தார்.

“தெரிவு செய்யறதுன்னா என்னன்னு கேக்கறாரு. கைபிடியில என்ன இருக்கு தெரிவு செய்ய?”

அதில் சந்தேகம் இருந்ததா, அறிய விரும்பிக் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொன்னேன். முதல் நிமிடத்தைச் சொன்னேன், நாற்பதாவது தரத்தைச் சொன்னேன். கையுறையை, வார்னிஷை, இரும்பு மரத்துக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை எல்லாம் சொன்னேன். சின்னக் கை உள்ளவன் பெரிய கைபிடியை வாங்கிவிட்டு அச்சைக் குறை சொல்வதைச் சொன்னேன். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் மேசையில் இருந்த தாள் குத்துகிற கருவியை எடுத்துத் திறந்து மூடிக் காட்டினேன். அதிகாரி அதை வாங்கித் தானும் திறந்து மூடினார். இருபது நிமிடம் பேசியிருப்பேன். இரண்டு விசாரணையிலும் சேர்த்து, என் உள்ளங்கை வேர்க்காமல் இருந்தது அந்த இருபது நிமிடம் மட்டும்தான்.

8

முடிவு ஒன்பது மாதம் கழித்து வந்தது. இந்த நாட்டில் இருக்கலாம் என்று ஒரு பந்தி. காரணம் எழுதவில்லை. கைபிடிதான் காரணம் என்று வழக்கறிஞர் சொல்கிறார். அந்தோனியார் என்று றெஜினா சொல்கிறாள். லூசியன் அன்று அரைநாள் லீவு தந்தார். பிறகு, மற்ற அரைநாளும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நான் எழுத நினைத்தது அதற்கு முன்பு நடந்த ஒன்றை. இரண்டாம் விசாரணையின் தட்டச்சுப் பிரதி ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. ஜெசிந்தா பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே உட்கார்ந்து, இந்தத் தடவை சத்தமாக, ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கி வாசித்தாள். கைபிடி நாலு பக்கம் வந்திருந்தது. தாள் குத்துகிற கருவியைத் திறந்து மூடியதைக்கூட அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். வாசித்து முடித்துத் தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

“அப்பா, நீங்கள் இவ்வளவு கதைப்பீங்களோ?”

“அவர் கேட்டார், சொன்னன்.”

“நான் கேட்டா?”

“கேள்.”

“அந்தப் பதினொரு நாள் என்ன நடந்தது?”

றெஜினா அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து எங்களோடு இருந்தாள். அவளுக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. பாதியைச் சொல்லலாம், பத்து வயதுக்கு அது போதும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். ஒரு சொல் விளங்காவிட்டால் ஜெசிந்தா வகுப்பில் போலக் கையை உயர்த்துவாள். நான் நிற்பாட்டி வேறு சொல் சொல்வேன். இரண்டு சொல்லுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. அவற்றைக் கையால் காட்டினேன். வெளியே தெரு விளக்கு எரியத் தொடங்கியது. நான் முழுவதையும் சொல்லிவிட்டேன்.

ஜெசிந்தா எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, மூன்று பேருக்கும் சோறு போட்டாள்.